பெருவிரல் பதிந்த கட்டம்

ஜனவரி 9

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுதவில்லை. நானே எழுதுகிறேன். இந்த வரி வரைக்கும் வருவதற்கே ஒரு மாலை ஆகிவிட்டது. தாளைத் தூரமாக வைத்துப் பார்க்கிறேன், கிட்டே வைத்துப் பார்க்கிறேன். என் கையா இது என்று இருக்கிறது.

பதினோரு மாதமாக மாலை வகுப்புக்குப் போகிறேன். சின்னப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம். பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கிறது. அறுபத்தெட்டு வயதில் எனக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். டீச்சர் உன்னைவிடச் சின்னவள். "தாத்தா, பேனாவைக் கழுத்த நெரிக்கிற மாதிரி பிடிக்காதீங்க" என்பாள்.

இப்போது எல்லாம் படிக்கிறேன். பஸ்ஸில் இருக்கிறதைப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடுகிறது. வங்கிக் கதவில் "இழு" என்று எழுதியிருக்கிறது. இத்தனை வருடம் அதைத் தோளால் முட்டித் தள்ளிக்கொண்டிருந்தேன். கிடங்குக் காவலாளி உடுப்பில் நிற்கிற என்னைப் பார்த்து, பாவம் என்று உள்ளே இருந்து யாராவது வந்து திறந்துவிடுவார்கள். அவர்களும் சொல்லவில்லை பார்.

போனில் என் எண் வந்தால் நீ எடுப்பதில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். அவரைக் கோபிக்காதே, நான்தான் கேட்டேன். மூன்று வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து நீ என்னைச் சொன்ன வார்த்தையை நான் மறக்கவில்லை. நீ சொன்னது சரிதான். அன்றைக்கு நான் கைநாட்டுதான்.

அன்றைக்கு நான் பெருவிரல் வைத்த அந்தத் தாளைப் பற்றி எழுத வேண்டும். இன்னும் அந்த அளவுக்குப் பாடம் போகவில்லை. பிறகு எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள் வாலு.

அப்பா


ஜனவரி 27

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. முதலில் நம்பவில்லை. யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் வரி இவ்வளவு கோணலாகப் போயிருக்காது, அதனால் நீங்கள்தான் என்று முடிவு செய்தேன்.

வாலு என்று எழுத வேண்டாம். எனக்கு முப்பத்தெட்டு வயது.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் மூன்றாவது கருவும் போய்விட்டது. எட்டு வாரம். முதலாவது ஏழு வாரம். அந்த இரண்டிலும் எடுத்துப் பரிசோதிக்கிற அளவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது போனது மட்டும்தான் பதினாறு வாரம். முழுசாக இருந்தது. அதை ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால், பிள்ளையில் குறையா, என் கருப்பையில் குறையா என்று ஓரளவாவது தெரிந்திருக்கும். உடம்பில் எங்கே எந்தச் சதைத் துண்டு எடுத்தாலும் மெழுகில் பதித்து, சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, காரணம் தேடுவது என் வேலை. ஊரார் துண்டுக்கெல்லாம் காரணம் தேடுகிறேன். என்னுடையதை நான் மயக்கத்தில் இருந்தபோது நீங்கள் பெருவிரலை வைத்து ஒன்றுமில்லாமல் செய்துவிட்டீர்கள்.

இப்போது ஒரு புது மருத்துவர் பார்க்கிறார். கருப்பையின் உள்சவ்வில் ஒரு சின்னத் துண்டு எடுத்திருக்கிறார். அந்தச் சவ்வில் நோய் எதிர்ப்புச் செல்கள் இருக்கும். ரத்தத்தில் இருக்கிற அதே குடும்பத்துச் செல்கள், கெட்டுப்போன செல்லைக் கண்டால் கொல்லும். அதனால் இவற்றுக்கும் கொல்லும் செல் என்றே பெயர். ஆனால் கருப்பையில் இருப்பவை அப்படி அடித்துக் கொல்வதில்லை. கரு ஒட்டுகிற காலத்தில் பெருகி, தாயின் ரத்தக் குழாய்கள் அகலமாக உதவுகின்றன. அளவுக்கு மேல் இருந்தால் கரு தங்காது என்கிறார்கள் சில மருத்துவர்கள். அதற்கு ஆதாரம் போதாது என்கிறார்கள் மற்றவர்கள். எங்கள் மருத்துவர் எண்ணிப் பார்ப்போம் என்கிறார்.

இதைப் படித்து முடிக்க உங்களுக்கு ஒரு வாரம் ஆகும். ஆகட்டும்.

மகள்


பிப்ரவரி 15

அன்பு மகளுக்கு,

ஒரு வாரம் ஆகவில்லை. நான்கே நாள். இரண்டு இடத்தில் மட்டும் டீச்சரிடம் கேட்டேன். கருப்பை என்கிற வார்த்தையைக் கேட்கக் கூச்சமாக இருந்தது, விரலால் காட்டினேன். அவள் கூச்சப்படவில்லை.

மூன்றாவது போனதைப் படித்த அன்று வகுப்புக்குப் போகவில்லை. உன் அம்மா இருந்திருந்தால் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பாள். நான் வந்தால் நீ கதவைத் திறந்திருப்பாயா என்று தெரியவில்லை.

அந்தச் செல்களைப் பற்றித் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு ஒன்று தோன்றுகிறது, தப்பாக இருந்தால் அடித்துவிடு. கிடங்கு கேட்டில் நான் முப்பத்தொரு வருடம் நின்றவன். புதிதாக வருகிற காவலாளி கம்பை ஓங்கிக்கொண்டே நிற்பான். பழகினவன் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, லாரி திரும்ப இடம் இருக்கிறதா என்று பார்ப்பான். உள்ளே விடுவதுதான் வேலையில் முக்கால்வாசி. உன் உடம்பில் இருப்பவர்களும் பழகினவர்களாக இருப்பார்கள். பெயரில் என்ன இருக்கிறது.

கேட்டில் ஒரு பதிவேடு இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா. பெயர், நேரம், யாரைப் பார்க்க என்று கட்டம் கட்டமாக இருக்கும். பேனாவை நீட்டுவேன், எழுதுவார்கள், படிக்கிற மாதிரி தலையை ஆட்டுவேன். ஒருத்தன் "யாரைப் பார்க்க" என்கிற கட்டத்தில் "உன் மொட்டைத் தலையை" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறான். நான் தலையை ஆட்டி உள்ளே விட்டிருக்கிறேன். மேனேஜர் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். என்னவென்று தெரியாமல் நானும் சிரித்தேன். போன வாரம்தான் நினைத்துப் பார்த்து நிஜமாகச் சிரித்தேன்.

எண்ணினார்களா? எத்தனை வந்தது?

அப்பா


ஏப்ரல் 2

அப்பாவுக்கு,

உங்கள் காவலாளிக் கதையை உங்கள் மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டினேன். லாரி ஓட்டுகிறவர் அல்லவா, அவருக்குப் பிடித்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே கேட் இல்லை அப்பா. நாற்காலி இல்லை, கம்பு இல்லை, பழக்கமும் இல்லை. கண்ணாடியில் பழுப்புப் புள்ளிகளாக இருக்கின்றன, அவ்வளவுதான். அவற்றுக்கு என்னைத் தெரியாது. இனி ஒப்பிட்டு எழுத வேண்டாம்.

எத்தனை என்று கேட்டீர்கள். துண்டுகள் எங்கள் ஆய்வகத்துக்குப் பெயர் இல்லாமல் எண்ணோடுதான் வரும். தேதியையும் அனுப்பியவரையும் பார்த்ததும் என்னுடையது என்று தெரிந்துவிட்டது. சொந்தத் துண்டைத் தொடக்கூடாது என்பது விதி. நானே சீவினேன், நானே சாயம் ஏற்றினேன், நானே எண்ணினேன். நூறு செல்லுக்குப் பதினொன்று. ஐந்தைத் தாண்டினால் அதிகம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கையும் எல்லாரும் ஒத்துக்கொள்வதில்லை. எங்கள் சீனியர் அம்மாவிடம் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நுண்ணோக்கியில் ரொம்ப நேரம் பார்த்தார்.

"எனக்கு ஏழுதான் வருது. காரணம் வேணும்னு உன் கண்ணு ஆசைப்படுது" என்றார். விதியை மீறியதற்கு என்னைத் திட்டவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

மருத்துவர் அந்தச் செல்களை அடக்குவதற்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். "வேலை செய்யும்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்லம்மா. சில பேருக்குக் குடுத்திருக்கேன், சில பேருக்குத் தங்கியிருக்கு. மாத்திரையாலதானான்னு தெரியாது" என்றார். வாங்கிக்கொண்டேன்.

இப்போது மறுபடியும் ஐந்து வாரம். சந்தோஷப்படாதீர்கள். யாரிடமும் சொல்லாதீர்கள், டீச்சரிடம் கூட. நான் எதையும் வாங்கவில்லை, எந்தப் பெயரையும் நினைக்கவில்லை.

ஒரு வேலை இருக்கிறது. உங்களுக்குத்தான் படிக்கத் தெரியுமே. அந்த ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பதிவேட்டு அறையில் மூன்று வருடத்துக்கு முந்தைய என் தாள்களைக் கேளுங்கள். அழித்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் சில இடங்களில் அழிப்பதற்கு முன் ஒரு சின்னத் துண்டை மெழுகில் எடுத்து வைத்துவிடுவார்கள். நாங்களும் மெழுகுக் கட்டிகளைப் பத்து வருடம் வைத்திருப்போம். ஒரு கட்டி இருந்தாலும் போதும். அதைப் பார்த்தால் இந்த மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று மருத்துவர் யோசிப்பார். சீக்கிரம் போங்கள்.

மகள்


ஏப்ரல் 19

அன்பு மகளுக்கு,

போனேன். மெழுகுக் கட்டி எதுவும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை மெதுவாகப் படி.

பதிவேட்டு அறையில் இருந்தவர் கட்டைப் பிரித்து, படித்துக் காட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நானே படிக்கிறேன் என்றேன். எனக்குப் பின்னால் ஏழு பேர் நின்றார்கள். ஒருவர், "பெரியவரு பரீட்சைக்குப் படிக்கிறாரு போல" என்றார். நான் விரலை வைத்துப் படித்தேன். தாளில் இரண்டு கட்டம். மேல் கட்டத்தில், காரணம் அறிய ஆய்வகத்துக்கு அனுப்பச் சம்மதிக்கிறேன் என்று இருந்தது. கீழ்க் கட்டத்தில், ஆய்வு வேண்டாம், குடும்பத்தாரிடம் ஒப்படைக்கவும் என்று இருந்தது. என் பெருவிரல் கீழே இருக்கிறது. மை நன்றாகப் பிடித்திருக்கிறது.

படித்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. இதை எழுதத்தான் எழுத்துக் கற்றுக்கொண்டேன், எழுத்து வந்த பிறகு எழுதாமல் மூன்று மாதம் ஓட்டினேன்.

அன்றைக்கு மாப்பிள்ளை லோடில் இருந்தார், அதனால் நர்ஸ் அந்தத் தாளை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள். நல்ல பெண். அவசரப்படவில்லை. "பெரியவரே, மேல வெச்சா லேபுக்குப் போகும், காரணம் பார்ப்பாங்க. கீழ வெச்சா நீங்க எடுத்துட்டுப் போகலாம். புரியுதா" என்றாள். புரிந்தது. எனக்கு எழுத்துதான் தெரியாது, காது கேட்கும்.

லேப் என்றதும் உன் ஆய்வகம் ஞாபகம் வந்தது. நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைக் கூட்டிப் போய்க் காட்டினாயே. மெழுகுக் கட்டியை அந்த மெஷினில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினாய். வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவிச் சீவி விழுந்தது. "பாருங்கப்பா, எவ்ளோ அழகா வருது" என்றாய். கிடங்கில் ஒருத்தன் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். நர்ஸ் கேட்டபோது அந்தக் கைப்பிடிதான் சுற்றியது. என்னால் முடியவில்லை. கீழே வைத்தேன்.

நீ கண் விழித்ததும் முதல் கேள்வியே, "லேபுக்கு அனுப்பிட்டாங்களா" என்பதுதான். நான், "தாள நீட்டினாங்க, வெச்சேன், எனக்கென்னம்மா தெரியும்" என்றேன். நீ கைநாட்டு என்று கத்தினாய். வலித்தது என்று நினைத்திருப்பாய். இல்லை. அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. மூன்று வருடம் அங்கேதான் இருந்தேன்.

மாத்திரையை மருத்துவர் சொன்னபடி சாப்பிடு. இந்தக் கடிதத்தை அவருக்குக் காட்ட வேண்டுமானால் காட்டு.

அப்பா


மே 11

அன்பு மகளுக்கு,

பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. மாப்பிள்ளையும் போனை எடுக்கவில்லை.

இன்றைக்குப் பத்து வாரம் தாண்டியிருக்க வேண்டும். காலண்டரில் நானே குறித்து வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு கோடு. எழுத்து இல்லை, யாரும் பார்த்தால் தெரியாது.

நன்றாக இருக்கிறேன் என்று இரண்டு வார்த்தை மட்டும் எழுது. திட்டி எழுதினாலும் படிப்பேன். இப்போது கூட்டெழுத்தும் வருகிறது.

அப்பா


ஜூன் 18

அப்பாவுக்கு,

கோடு போடுவதை நிறுத்திவிடுங்கள்.

மே எட்டாம் தேதி ஸ்கேனில் துடிப்பு இல்லை. ஒன்பதாவது வாரத்திலேயே நின்றிருக்கிறது. என் உடம்புக்கு அது தெரியவே இல்லை. காலையில் குமட்டல் கூட இருந்தது.

எடுப்பதற்கு முன்னால் தாள் நீட்டினார்கள். நான் விழித்திருந்தேன். மேல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் ஐந்து வாரம் காத்திருந்தேன். முடிவு நேற்று வந்தது. குரோமோசோம்கள் இயல்பு, பிள்ளையில் குறை தெரியவில்லை. பெண். அதை நான் கேட்கவில்லை, அவர்களாகவே அச்சடித்திருக்கிறார்கள்.

அதோடு வந்த சவ்வையும் எங்கள் ஆய்வகத்துக்கே வரவழைத்துப் பார்த்தேன். இந்த முறை சீனியர் அம்மா பக்கத்தில் நின்றார். செல்கள் இருந்தன, நிறைய. அந்த வாரத்தில் எல்லாப் பெண்களுக்கும் நிறையத்தான் இருக்கும். கொன்ற தடயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ரத்தக் குழாய்கள் சில இடத்தில் அகலமாகியிருந்தன, சில இடத்தில் இல்லை. எது எதனால் என்று கண்ணாடி சொல்லாது. பதினைந்து வருடமாக அதைப் பார்க்கிறேன், அது ஒரு நாளும் ஏன் என்று சொன்னதில்லை, என்ன என்றுதான் சொல்லியிருக்கிறது.

மருத்துவர், "இதுக்கு மேல என்கிட்ட பதில் இல்லம்மா" என்றார். நேர்மையான மனிதர். உங்கள் மாப்பிள்ளையும் நானும் இனி பிள்ளை வேண்டாம் என்று பேசிவிட்டோம். பேசினோம் என்றால், அவர் ஒரு நீண்ட லோடுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "போதும் விடு" என்றார், நான் சரி என்றேன்.

உங்கள் கடிதம் ஸ்கேனுக்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டது. படித்த அன்று உங்களைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். அனுப்பவில்லை. உங்கள் மீது இருந்த கோபம் எனக்குப் பழகிவிட்டது, நீங்கள் தெரியாமல் செய்தீர்கள் என்ற கோபம். தெரிந்தே செய்தீர்கள் என்றால் வேறு கோபம் வேண்டும். அது வருகிறது, முழுசாக வரவில்லை. அன்றைக்கு அனுப்பியிருந்தாலும் இதே போல் ஒன்றும் இல்லை என்றுதான் வந்திருக்கும் என்று சொன்னால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். அப்படிச் சொல்ல முடியாது. என்ன வந்திருக்கும் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஆனால் ஒன்று புரியாமல் பத்து தடவை படித்தேன். குடும்பத்தாரிடம் ஒப்படைக்கவும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் கையில் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி எரித்துவிட்டது என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கே அப்பா? நீங்கள் பார்த்தீர்களா?

மகள்


ஜூலை 3

அன்பு மகளுக்கு,

கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன்.

பார்த்தேன். வெள்ளைத் துணியில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள் அந்த நர்ஸ். ஆண் பிள்ளை. என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். கண் மூடியிருந்தது. கையிலும் காலிலும் விரல்களை எண்ணினேன். எண்ண மட்டும் எனக்கு அப்போதே தெரியும். இருபதும் இருந்தது.

மறுநாள் எனக்கு வேலை. பெட்டியை வீட்டில் தனியாக விட மனம் வரவில்லை. சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்துப் போனேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், காவல் அறைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் மதில் சுவருக்கும் நடுவில் ஈரமான இடம் இருந்தது. முழங்கால் அளவுக்குத் தோண்டினேன். அதற்கப்புறம் நாற்காலியை அந்தப் பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். கேட்டுக்கு முதுகைக் காட்டி உட்காருகிற காவலாளி உலகத்தில் உண்டா என்று மேனேஜர் திட்டினார். ஓய்வு கொடுக்கிற வரைக்கும், ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் கூட, அப்படித்தான் இருந்தேன்.

உனக்கு எழுதுவதற்கு முன்னால் பார்த்துவிட்டு வரலாம் என்று போன வெள்ளிக்கிழமை போனேன். கேட்டில் புது ஆள். முப்பத்தொரு வருடம் இங்கே நின்றவன் என்றேன். "யாரா இருந்தாலும் எழுதிட்டுத்தான் பெரியவரே போகணும்" என்று பதிவேட்டைத் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டினான். சரியான ஆள். அந்தப் பதிவேட்டில் என் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை. பெயர் எழுதினேன். நேரம் எழுதினேன். மூன்றாவது கட்டத்தில் யாரைப் பார்க்க என்று இருந்தது.

ரொம்ப நேரம் நின்றேன். எழுத்துத் தெரியாத ஆள் என்று நினைத்திருப்பான், "சொல்லுங்க, நான் எழுதறேன்" என்றான். வேண்டாம் என்று ஒரு கோடு இழுத்துவிட்டு உள்ளே போனேன்.

தொட்டி இல்லை. அறையை இடித்துவிட்டார்கள். மதில் வரைக்கும் சிமெண்ட் போட்டிருக்கிறார்கள். லாரிகள் நிற்கின்றன. சுவரில் இருந்து எட்டு அடி எடுத்து வைத்தேன், அங்கே ஒரு லாரியின் பின் சக்கரம் இருந்தது. டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை.

நீ வருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை வா, அன்றைக்கு லாரி குறைவாக இருக்கும் என்று அந்த ஆள் சொன்னான். நான் கேட்டில் நிற்கிறேன். நீயும் பதிவேட்டில் எழுத வேண்டியிருக்கும். மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவதென்று யோசித்துக்கொண்டு வா. நான் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்.

அப்பா